பள்ளியில் நல்ல சாப்பாட்டுச் சூழல்: அறிவுரைக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை

பல பள்ளிகளில் இந்த வேலை சுவரொட்டியில்தான் ஆரம்பிக்கிறது. வண்ணக் காய்கறிப் படம், அதன் கீழே ஒரு வாசகம், விழிப்புணர்வு வாரம் என்று ஒன்று, மேடையில் ஒரு மருத்துவர். அடுத்த திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கேன்டீனில் அதே சர்க்கரை பானம், அதே பொட்டலங்கள், அதே அவசரமான இடைவேளை. காய்கறி உடம்புக்கு நல்லது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கிறது? நான்காம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனாலும் சாப்பிடுவதில்லை. நேரம் போதவில்லை, வரிசை நகரவில்லை, தண்ணீர் தூரத்தில் இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் பெரியவர் அதட்டுகிறார். தடையாக இருப்பவை பெரும்பாலும் இவைதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாடம் நடத்துவது கடைசிக்குப் பக்கத்தில் வருகிறது. பள்ளியே சமைத்துப் போட்டாலும் சரி, கேன்டீன் மட்டும் இருந்தாலும் சரி, எல்லோரும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்தாலும் சரி, இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

குழு அமைப்பது, கூட்டம் போடுவது எல்லாம் அப்புறம். முதலில் இரண்டு ஆசிரியர்கள், சமையலறையிலிருந்து ஒருவர், விருப்பமுள்ள இரண்டு மூன்று பெரிய வகுப்பு மாணவர்கள் போதும். ஐந்து பள்ளி நாட்கள் வெறுமனே கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்ததிலிருந்து வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளை தட்டோடு உட்காரும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். முதலில் நிற்பவரை அளந்தால் எல்லாம் நன்றாக நடப்பதுபோலத்தான் தெரியும். மிச்சம் கொட்டும் இடத்தில் மூன்று வாளிகள் வையுங்கள்: தானிய உணவுக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று. நாள் முடிவில் எடை போட்டு எழுதுங்கள். குப்பைத் தொட்டியில் கிடக்கும் பொட்டல உறைகளையும் பான பாட்டில்களையும் எண்ணுங்கள். கேன்டீன் கணக்கைவிட இது உண்மையைச் சொல்லும், ஏனென்றால் வெளியிலிருந்து வாங்கி வந்ததும் இதில் அகப்படும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. சாப்பாட்டு நேரத்தில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்பது வேண்டாம், வாக்கியம் மட்டும் போதும். 'முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது', 'உனக்கு இவ்வளவு தேவையா?', 'சீக்கிரம், சீக்கிரம்'. இந்தப் பட்டியல் படி 5இல் தேவைப்படும்.

பிள்ளைகளிடமும் கேளுங்கள். 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை, என்ன பதில் வரும் என்பது கேட்பதற்கு முன்பே தெரியும். 'நேற்று எதை மிச்சம் வைத்தாய், ஏன்?' என்று கேளுங்கள். ஆறிப்போய்விட்டது, குழைந்திருந்தது, மூடியைத் திறக்க முடியவில்லை, விளையாட இடம் பிடிக்க ஓட வேண்டியிருந்தது என்று வரும் பதில்களில் பாதி, சத்தோடு சம்பந்தமே இல்லாதவை. ஆறேழு வயதில் முன்பற்கள் விழுந்த பிள்ளையிடம் முழு ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, பழம் சாப்பிடமாட்டேன் என்கிறாள் என்று நாம் குறிப்பு எழுதிக்கொண்டிருப்போம். நறுக்கிக் கொடுத்தால் தீர்ந்துபோகும் விஷயம் அது.

படி 2: நேரத்தை மீட்டெடுங்கள்

செலவு இல்லாமல் பலன் தரும் மாற்றம் இது. அப்படியிருந்தும் பெரும்பாலான திட்டங்களில் இது இடம்பெறுவதே இல்லை. இடைவேளை அரை மணி நேரம் என்று அட்டவணையில் இருக்கும். கை கழுவவும் வரிசையில் நிற்கவும் தட்டு வைக்கவும் போக, கடைசிப் பிள்ளைக்குக் கையில் நிற்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை எதை முதலில் சாப்பிடும்? மென்மையான, இனிப்பான, சட்டென்று விழுங்கக்கூடிய பொருளை. மெல்ல வேண்டிய காய்கறிதான் மிச்சமாகும்.

அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. உட்கார்ந்து சாப்பிட 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த மாணவர்கள், 25 நிமிடமாவது கிடைத்தவர்களைவிட முக்கிய உணவில் 13 சதவீதமும் காய்கறியில் 12 சதவீதமும் பாலில் 10 சதவீதமும் குறைவாகச் சாப்பிட்டார்கள். அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் உட்கார்ந்த பிறகு குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. நீங்களும் அதையே குறியாக வையுங்கள்: கடைசிப் பிள்ளைக்கும் இருக்கையில் 20 நிமிடம்.

பள்ளி நேரத்தை நீட்டாமலே இதைச் செய்ய வழி உண்டு. சிறிய வகுப்புகளைப் பத்து நிமிடம் முன்னால் விடலாம். பரிமாறும் இடத்தை இரண்டாக்கலாம். டிபன் பாக்ஸ் கொண்டுவரும் பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் நேராகப் போய் உட்காரலாம். கை கழுவும் குழாய் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியிலேயே இருந்தால் தனி நேரம் தேவையில்லை. சோப்பு தீர்ந்துபோனதை யார் பார்ப்பது என்று ஒருவர் பெயரை எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

விளையாட்டை முன்னாலும் சாப்பாட்டைப் பின்னாலும் வைத்துப் பார்ப்பது நல்லது. சாப்பிட்டுவிட்டு விளையாடப் போகலாம் என்றால் பிள்ளையின் மனசு மைதானத்தில்தான் இருக்கும். விளையாடி முடித்து வந்தால் பசியும் இருக்கும், ஓடிப்போக இடமும் இருக்காது. இதில் உள்ள சிக்கல், வியர்வையும் மண்ணுமாக எல்லோரும் ஒரே நேரத்தில் குழாய்க்கு வருவது. குழாய்கள் போதவில்லையென்றால் இரண்டு வகுப்புகளில் மட்டும் முதலில் செய்து பாருங்கள்.

படி 3: தண்ணீர், அதோடு கழிப்பறை

ஜெர்மனியில் டோர்ட்மண்ட், எஸ்ஸன் என்ற இரண்டு நகரங்களின் 32 தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் வைத்து, தண்ணீரைப் பற்றிச் சில வகுப்புகள் எடுத்தார்கள். மற்றவற்றில் ஒன்றும் செய்யவில்லை. 2009இல் வெளியான முடிவின்படி, குழாய் வைத்த பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அதிக எடை வரும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. பெரிய செலவு செய்த பல திட்டங்களுக்குக் கிடைக்காத பலன் இது.

உங்கள் பள்ளியில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். குழாய் சிறு பிள்ளைக்கு எட்டுகிறதா, வகுப்பிலிருந்து எவ்வளவு தூரம், கோடையில் தண்ணீர் கொதிக்கிறதா, வாடை வருகிறதா, வகுப்பு நடக்கும்போது குடிக்க அனுமதி உண்டா என்றும் பாருங்கள். மேசையில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி போட்டாலே நிறைய மாறும்.

அப்புறம், பெரியவர்கள் பேசத் தயங்கும் ஒன்று. கழிப்பறை அழுக்காக இருந்தால், தாழ்ப்பாள் இல்லாவிட்டால், பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். ஆகவே தண்ணீர்த் திட்டத்தின் முதல் செலவு கழிப்பறைத் தாழ்ப்பாளாகக்கூட இருக்கலாம்.

படி 4: பள்ளிக்குள் எது விற்கப்படுகிறது, எது கொடுக்கப்படுகிறது

பானத்திலிருந்து தொடங்குங்கள். சாப்பிடக்கூடிய தின்பண்டத்தைப் பற்றி ஆயிரம் வாதம் வரும், இனிப்புப் பானத்தைப் பற்றி யாரும் பெரிதாக வாதாட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையெல்லாம் சேர்ந்து ஒரு நாளின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. நாளுக்கு 1,500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு 10 சதவீதம் என்பது ஏறக்குறைய 37 கிராம். 330 மில்லி கோலா ஒன்றிலேயே சுமார் 35 கிராம் இருக்கிறது. அதாவது ஒன்பது தேக்கரண்டி. ஒரு டின்னோடு அன்றைய கணக்கு முடிந்தது.

பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வருகிறது என்பதைப் பலர் ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள். முழுப் பழத்தில் உள்ள சர்க்கரை இதில் சேராது, பிழிந்த சாறு சேரும். சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு போட்ட பானத்தைக் கொண்டுவரலாமே என்று ஒருவர் கேட்பார். எடையைக் கட்டுப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. தவிர, இனிப்பு இருந்தால்தான் பானம் என்ற நாக்குப் பழக்கம் அதனால் மாறப்போவதில்லை. எனர்ஜி டிரிங்க் வகைகளுக்குப் பள்ளிக்குள் எந்த வாதமும் தேவையில்லை, கிடையாது என்றால் கிடையாது.

தின்பண்டங்களைப் படிப்படியாக மாற்றலாம். கேன்டீன் நடத்துபவரை எதிரியாக்கிக்கொண்டு எதுவும் நடக்காது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஒரு மாத விற்பனையை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பொருளில் அவருக்கு உண்மையில் லாபம், எது வெறும் இடத்தை அடைக்கிறது என்று கேளுங்கள். பொட்டலச் சரக்கில் சில்லறை விற்பவருக்குக் கிடைக்கும் பங்கு சிறியதாகவே இருக்கும். நறுக்கிய பழம், அவித்த கடலை வகைகள், முட்டை, அங்கேயே செய்த சிற்றுண்டி இவற்றில் லாபம் கூடுதலாக வர வாய்ப்புண்டு, கெட்டுப்போகும் அபாயமும் கூடவே இருக்கும். முதல் மாதம் விற்காமல் போனதைப் பள்ளியோ பெற்றோர் சங்கமோ ஈடு செய்வதாக ஏற்றுக்கொண்டால் அவர் துணிந்து முயன்று பார்ப்பார். அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது என்னென்ன விற்கலாம் என்பதைப் பட்டியலாகச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பொட்டலங்களைக் கண்முன்னே அடுக்கி வைத்துவிட்டு 'வாங்காதே' என்று சொல்வதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. லீன் பர்ச் என்ற உளவியலாளர் தம் சக ஆய்வாளரோடு 1999இல் காட்டியது இதைத்தான்: கண்ணுக்குத் தெரியும்படி வைத்துத் தடுக்கப்பட்ட தின்பண்டத்தின்மீது பிள்ளைகளின் நாட்டம் கூடுகிறது. தடுப்பதென்றால் பேச்சில்லாமல் பள்ளியிலிருந்தே எடுத்துவிடுங்கள். சிலி நாட்டில் 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்படித்தான் செய்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் ஏதேனும் அதிகம் என்று கறுப்பு முத்திரை விழுந்த பொருளைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

விற்பதைவிடக் கொடுப்பதில்தான் பல பள்ளிகள் கோட்டை விடுகின்றன. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் வருஷத்துக்கு 40 பிறந்தநாள். அதற்குமேல் விளையாட்டு விழா, ஆண்டு விழா, கணக்கைச் சரியாகப் போட்டதற்குச் சாக்லேட். பிறந்தநாளை இனிப்பில்லாமல் கொண்டாட முடியும்: அன்றைக்கு என்ன விளையாட்டு என்று அந்தப் பிள்ளை முடிவு செய்யட்டும், வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுக்கட்டும். வீட்டுக்கு வீடு செலவில் போட்டி இருப்பதும் இதனால் குறையும். பெற்றோரில் பலர் வெளியே சொல்லாவிட்டாலும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

விளையாட்டுச் சீருடையில், கரும்பலகை ஓரத்தில், பரிசுக் கோப்பையில் உணவு நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பிள்ளைகள் கூடும் இடங்களில் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளின் விளம்பரம் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே பரிந்துரைத்திருக்கிறது. இலவசமாக வரும் நோட்டுப் புத்தகத்தின் அட்டையையும் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 5: பெரியவர்களின் பேச்சு

என் கணிப்பில் இருப்பதிலேயே கடினமான படி இதுதான். எடை போட முடியாது, பணத்தால் வாங்க முடியாது, நாமே மாற வேண்டும்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த ஒரு பொறுப்புப் பிரிவினை உண்டு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவரின் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. இவ்வளவுதான். கேட்க எளிமையாக இருக்கிறது, கடைப்பிடிக்கும்போதுதான் கை பரபரக்கும். தட்டில் மிச்சம் இருப்பதைப் பார்த்தால் நமக்கு வாய் சும்மா இருக்காது.

ஆனால் வற்புறுத்தினால் நடப்பது நேர்மாறானது. 2006இல் வந்த ஓர் ஆய்வில், சூப்பைக் குடி என்று தொடர்ந்து சொல்லப்பட்ட சிறு பிள்ளைகள், சொல்லாமல் விட்டபோது குடித்ததைவிடக் குறைவாகக் குடித்தார்கள், அந்தச் சூப்பைப் பற்றி அதிகம் குறையும் சொன்னார்கள். 'காயைச் சாப்பிட்டால் இனிப்பு தருவேன்' என்ற பேரமும் அப்படித்தான். காய் என்பது சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று, இனிப்புதான் பரிசு என்பதை நம் வாயாலேயே கற்றுக்கொடுக்கிறோம். இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. புதிய காயை ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்த்ததற்கு ஸ்டிக்கர் கொடுத்துத் தொடர்ந்து சுவைக்கவைத்தபோது, நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளிடம் அந்தக் காயின்மீது விருப்பமே கூடியதாக லண்டன் ஆய்வாளர்கள் 2011இல் கண்டார்கள். பரிசு தின்பண்டமாக இல்லாமல் இருந்தது, கேட்டதும் ஒரே ஒரு துண்டுதான்.

படி 1இல் எழுதிய பட்டியலை இப்போது எடுங்கள். பெயர் இல்லாமல் ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சொல் என்ன என்று அவர்களையே கேளுங்கள். 'முடித்தால்தான் விளையாட்டு' என்பதற்குப் பதில் 'வயிறு நிறைந்ததா? சரி, தட்டை வைத்துவிட்டுப் போ'. 'ஒரே ஒரு வாய்' என்று துரத்துவதற்குப் பதில் 'இன்றைக்கு வேண்டாமா? பரவாயில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம்'. உடம்பைப் பற்றிய பேச்சு முழுவதுமாக நிற்க வேண்டும். குண்டு, ஒல்லி, 'நீ இன்னும் சாப்பிடலாம்', 'நீ குறைத்துக்கொள்' எதுவும் வேண்டாம், அன்பாகச் சொன்னாலும் வேண்டாம். வகுப்பின் முன்னால் எடை பார்ப்பதும், கலோரி எண்ணும் வீட்டுப்பாடமும் சில பிள்ளைகளைச் சாப்பாட்டையே கண்டு பயப்பட வைத்துவிடும். எடை பார்த்தே ஆக வேண்டும் என்றால் தனி அறையில், தனித்தனியாக, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல்.

தண்டனையாக இடைவேளையைப் பறிப்பதோ, சாப்பிடவிடாமல் நிறுத்திவைப்பதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர்களே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் வகுப்பிலேயே உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிடுகிறார். உணவுக் கல்விக்கென்று 2005இல் அங்கே தனிச் சட்டமே வந்தது. உங்கள் பள்ளியில் தினமும் முடியாமல் போகலாம். வாரம் ஒரு நாள் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்காரட்டும், கண்காணிக்க அல்ல, சாப்பிட. ஆசிரியர் மேசையில் கோலா பாட்டில் இருந்தால் அதுவும் அன்றைக்குக் காணாமல் போகும்.

படி 6: புதிய உணவைப் பழக்குவது

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் புதிய உணவைக் கண்டு விலகுவார்கள். அது அடம் அல்ல, வளர்ச்சியின் ஒரு கட்டம். ஒரு காயை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து முறை சுவைக்க வேண்டியிருக்கலாம். சமையலறை இரண்டு முறை செய்து பார்த்து, வாளி நிறைய மிச்சம் வந்ததும் 'பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறது. அவர்கள்மீது குற்றம் சொல்ல முடியாது, கொட்டுவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

அதனால் அளவைச் சிறிதாக்குங்கள். புதிய காயை முழுப் பரிமாறலாகக் கொண்டுவராமல், வாரம் இரண்டு நாள் ஒரு தேக்கரண்டி அளவு சுவைக்கக் கொடுங்கள். துப்ப ஒரு காகிதத் துண்டு இருக்கட்டும். துப்பலாம் என்று தெரிந்தால்தான் தைரியமாக வாயில் வைப்பார்கள். 'பிடித்ததா?' என்று கேட்காமல் 'மொறுமொறுப்பா, வழவழப்பா? சத்தம் வந்ததா?' என்று கேளுங்கள். ஏற்கெனவே பிடித்த உணவுக்குப் பக்கத்தில் புதியதை வையுங்கள். அடுத்த வாரம் அதே காயை வேறு பக்குவத்தில் செய்யுங்கள். பல பிள்ளைகள் வெறுப்பது காயை அல்ல, வேகவைத்த பக்குவத்தை.

பசியோடு உட்காரும் முதல் சில நிமிடங்களில் மேசையில் காய்கறி மட்டும் இருப்பது இன்னொரு நல்ல வழி. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் பள்ளி உணவுக்கூடத்தில் இப்படிச் செய்து பார்த்தபோது, பிள்ளைகள் சாப்பிட்ட காய்கறியின் அளவு கூடியது. மற்ற உணவோடு போட்டி போட்டால் காய் தோற்கும், தனியாக இருந்தால் ஜெயிக்கும்.

இங்கே ஒரு சிறு விலகல். பழத்தின்மேல் கார்ட்டூன் ஸ்டிக்கர் ஒட்டினால், தட்டின் அளவை மாற்றினால் பிள்ளைகள் மாறிவிடுவார்கள் என்று பத்து வருடங்களுக்கு முன் நிறைய எழுதப்பட்டது. அதில் பெரும் புகழ்பெற்ற ஓர் அமெரிக்க ஆய்வகத்தின் பல கட்டுரைகள் 2017, 2018 ஆண்டுகளில் திரும்பப் பெறப்பட்டுவிட்டன, அந்த ஸ்டிக்கர் கட்டுரையும் அவற்றில் ஒன்று. இணையத்தில் அந்த யோசனைகள் இன்னும் உலவுகின்றன. செய்து பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பி நேரத்தையும் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள்.

படி 7: விதிக்குள் அடங்காத பிள்ளைகள்

எந்த விதி எழுதினாலும் சிலருக்கு அது பொருந்தாது. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கும்போது வகுப்பு நடுவிலும் இனிப்பு தேவைப்படும், யாரும் தடுக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள சிலருக்கு உணவின் வாசனையும் தொடுகையும் கூடத்தின் இரைச்சலும் தாங்க முடியாதவை. அவர்களுக்கு அமைதியான மூலையும் பழகிய உணவும் போதும், சுவைக்கும் விளையாட்டில் சேரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது.

ஒவ்வாமைக்குத் தனி ஏற்பாடு தேவை. பால், முட்டை, வேர்க்கடலை, கொட்டை வகைகள், மீன், ஓடுள்ள கடலுணவு, கோதுமை, சோயா, எள் ஆகியவை அடிக்கடி தொல்லை தருபவை. சேர்க்கையின்போதே கேட்டு எழுதி, புகைப்படத்தோடு சமையலறையில் ஒரு பிரதி வையுங்கள். பிள்ளைகள் டிபனை மாற்றிச் சாப்பிடுவது அழகான பழக்கம்தான், ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் மட்டும் நிறுத்த வேண்டியிருக்கும். மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மயக்கமாக இருக்கும் பிள்ளையை நடக்கவைக்கக் கூடாது. மருத்துவர் ஊசி எழுதிக்கொடுத்திருந்தால் அது எங்கே இருக்கிறது, யாருக்குப் போடத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், சாப்பாடே இல்லாமல் வரும் பிள்ளை. இதில் சத்தம் கூடாது. தனி வரிசை, தனி நிறச் சீட்டு, 'பணம் கட்டாதவர்கள் கை தூக்குங்கள்' எல்லாம் ஒரு பிள்ளையைப் பசியோடு உட்காரவைக்க நல்ல வழிகள். அவமானத்தைவிடப் பசி மேல் என்று அது முடிவு செய்துவிடும். பின்லாந்து 1948 முதல் பள்ளியில் எல்லோருக்கும் இலவச உணவு தருகிறது. எல்லோருக்கும் என்றாகிவிட்டால் யார் ஏழை என்ற கேள்வியே எழாது. உங்களால் அவ்வளவு முடியாவிட்டாலும், காலையில் முதல் மணிக்கு முன் வகுப்பில் ஒரு கூடைப் பழம் இருக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 8: வீட்டிலிருந்து வரும் டிபன் பாக்ஸ்

டிபனைத் திறந்து சோதிப்பது, குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவது வேண்டாம். விடியற்காலையில் எழுந்து கட்டிக்கொடுத்தவருக்கு அந்தக் குறிப்பு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அதைச் சுமந்துகொண்டு போகும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? பொதுவாக ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: ஏதாவது ஒரு காய், ஒரு பழம், பயறோ முட்டையோ போல் ஒரு புரதம், பானமாகத் தண்ணீர். டப்பாவைப் பிள்ளையே திறக்க முடிகிறதா என்று வீட்டில் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். நான்கு ஐந்து வயதுக்காரர்களுக்கு முழுத் திராட்சையும் முழுக் கொட்டைகளும் தொண்டையில் அடைக்கும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கச் சொல்லுங்கள்.

பள்ளியின் பங்கும் இதில் உண்டு. டிபன் அலமாரி வெயில் படும் ஜன்னலோரத்தில் இருக்கிறதா? சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டிபனில் அது பெரும்பாலும் மீறப்படுகிறது. நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு அலமாரியை நகர்த்துங்கள், பால், இறைச்சி கலந்தவற்றைச் சின்ன இடைவேளையிலேயே சாப்பிட அனுமதியுங்கள்.

படி 9: இப்போது பாடம்

எது நல்ல உணவு, எது கெட்ட உணவு என்று இரண்டு பத்தி போட்டு நிரப்பும் பயிற்சியை விட்டுவிடலாம். 'கெட்ட' பத்தியில் இருப்பதுதான் ஏதோ ஒரு பிள்ளையின் இரவுச் சாப்பாடாக இருக்கும். பாட்டில் சீட்டைப் படித்து, நான்கு கிராமுக்கு ஒரு தேக்கரண்டி என்று கணக்குப் பாடத்தில் சர்க்கரையை அளக்கலாம். மூலப்பொருள் பட்டியலில் எடை அதிகமுள்ளதே முதலில் வரும் என்பதைக் காட்டிவிட்டால் போதும், மீதியைத் துப்பறிவாளர்கள்போல அவர்களே கண்டுபிடிப்பார்கள். முளைகட்டுதல் அறிவியல் பாடம், அதை அன்றே சாப்பிடலாம். தோட்டம் போட இடமிருந்தால் கீரை, முள்ளங்கி போல ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வருவதைப் போடுங்கள். மாதக்கணக்கில் காத்திருக்கும் பயிர் விடுமுறையில்தான் காய்க்கும்.

படி 10: எழுதிவையுங்கள், மறுபடி எடை போடுங்கள்

முடிவு செய்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இருக்கையில் எத்தனை நிமிடம், பள்ளிக்குள் என்ன பானம், பிறந்தநாள் எப்படி, பெரியவர்கள் என்ன சொல்லக் கூடாது, ஊசி எங்கே இருக்கிறது. அதற்குமேல் நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பொறுப்பாளரின் பதவியை எழுதுங்கள், ஆளின் பெயரைப் பின்னால் பென்சிலில் குறித்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஆட்கள் மாறுவார்கள்.

மூன்று மாதம் கழித்து அதே மூன்று வாளிகள், அதே ஸ்டாப்வாட்ச், அதே உறை எண்ணிக்கை. ஒப்பிடும் வாரங்களில் ஒரே மாதிரி உணவு பரிமாறப்படுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காய் மாறியதால் வந்த வித்தியாசத்தை நம் சாதனையாக எண்ணிவிடுவோம். பிள்ளைகளின் எடையை வெற்றிக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். ஒரு பருவத்தில் அது மாறாது, மாறினாலும் காரணம் ஆயிரம் இருக்கும். ஒருவேளை எதுவுமே அசையவில்லை என்றால் முதலில் படி 2க்குத் திரும்பிப் போய், கடைசிப் பிள்ளை எத்தனை மணிக்கு உட்காருகிறது என்று மறுபடி பாருங்கள். தேர்வு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது சாப்பாட்டு நேரம்தான், அதைத் திருப்பிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.